ரெண்டிஞ்சு மாஸ்டர் ஏரியில் இறங்குகிறார்

மாஸ்டரின் இடது கால் உள்ளே போய்விட்டது. வலது கால் முழங்காலோடு நின்றுகொண்டு, மேற்கொண்டு போவதா திரும்பி வருவதா என்று யோசித்தது. உடை மாற்றும் அறையின் திரைக்கு வெளியே விற்பனைப் பெண் கால் மணி நேரமாக நின்றிருந்தாள்.

"சார், உதவி வேணுமா?"

"வேண்டாம்மா. முப்பத்தோரு வருஷமா ஊருக்கே உடுப்பு மாட்டி விடுறவன் நான்."

"இது ரப்பர் நுரை சார். பேன்ட் மாதிரி இழுக்கக் கூடாது. கணுக்கால்ல இருந்து கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும்."

மாஸ்டர் இழுத்தார். கால் உள்ளே போனது. தலை சுவரில் போய் முட்டியது. அந்தச் சத்தத்துக்கு அடுத்த அறையில் இருந்த யாரோ "வரேன், வரேன்" என்று பதில் சொன்னார்.

மாஸ்டர் தையல்காரர். தொழில் சுத்தம், நூல் பிசகாது. ஒரே ஒரு பழக்கம் மட்டும் உண்டு. யாருக்கு எந்த அளவு எடுத்தாலும் அதற்கு மேல் இரண்டு அங்குலம் தாராளமாக விட்டுத்தான் வெட்டுவார். மனுஷன் உட்கார வேண்டும், சாப்பிட வேண்டும், நிம்மதியாக மூச்சு விட வேண்டும் என்பது அவர் கட்சி. வாடிக்கையாளர்கள் அவருக்கு 'ரெண்டிஞ்சு மாஸ்டர்' என்று பேர் வைத்திருந்தார்கள். அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

அப்பேர்ப்பட்டவர், தண்ணீரில் முங்குவோர் தோலோடு தோலாக ஒட்டப் போடும் வெட்சூட்டுக்குள் நுழைந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததற்குக் காரணம் மாப்பிள்ளை.

மகளுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். மாப்பிள்ளை தங்கமான பையன்தான். ஸ்கூபா டைவிங் கிளப் ஒன்றில் பயிற்சியாளர். ஞாயிற்றுக்கிழமை தோறும் புதிதாக ஒருவரைக் கூட்டிப்போய், ஏரியில் ஆழமில்லாத இடத்தில் இறக்கி மீன் காட்டுவான். ஆனால் மாமனாரைப் பார்த்தால் மட்டும் "சாப்டீங்களா மாமா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. இவரும் "ஆச்சு மாப்பிள்ளை" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

அதுகூடப் பரவாயில்லை. எட்டு மாதத்தில் மாப்பிள்ளை ஒரு பட்டன் தைத்துக் கொடுங்கள் என்றுகூடக் கேட்டதில்லை. எப்போது பார்த்தாலும் கடையில் வாங்கிய டி-ஷர்ட். தையல்காரர் வீட்டு மாப்பிள்ளை இப்படித் திரிந்தால் என்ன அர்த்தம்? தன் தொழிலைத் துளியும் மதிக்கவில்லை என்றுதான் அர்த்தம். இது மாஸ்டரின் மனதில் முள்ளாகத் தைத்திருந்தது.

இந்த நிலையில்தான் புதன்கிழமை போன் வந்தது.

"மாமா, ஞாயித்துக்கிழமை காலைல எட்டு மணிக்கு ஏரிக்கு வர முடியுமா? கிளப்புல எல்லாரும் வருவாங்க."

"வரேன் மாப்பிள்ளை."

"சரிங்க மாமா."

அவ்வளவுதான். இருவரும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு போனை வைத்தார்கள்.

"எதுக்குக் கூப்பிடறார்னு கேட்டீங்களா?" என்றாள் மனைவி.

"மாப்பிள்ளை கூப்பிட்டா எதுக்குன்னு கேக்கிறதா? மரியாதை என்ன ஆகிறது? ஏரிக்குக் கூப்பிட்டா எதுக்குக் கூப்பிடுவாங்க, தண்ணியில இறங்கத்தான்."

மகளுக்குப் போன் போட்டார். அவளுக்கும் விஷயம் தெரியவில்லை. "என்கிட்ட ஒண்ணும் சொல்லலப்பா. ஆனா நீங்க போங்க. நீங்க ரெண்டு பேரும் ஒரு நாள் நல்லா பேசிட்டீங்கன்னா எனக்கு அதுவே போதும்" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக மாஸ்டர் ஏரி என்ன, எரிமலையிலேயே இறங்கியிருப்பார்.

திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். முகம் சிவந்திருந்தது.

"நல்லாப் பொருந்தியிருக்கு சார்" என்றாள் விற்பனைப் பெண்.

"இதுவா? மூச்சு விட்டா வெளியே போகுது, திரும்பி வர மாட்டேங்குது. ஒரு சைஸ் பெரிசு கொடும்மா."

"ஏரித் தண்ணி எத்தனை டிகிரி சார்?"

"பத்து இருக்கும்னு கேள்வி."

"அப்ப ஏழு மில்லிமீட்டர் தடிமன் வேணும். இது அதுதான். லூசா மட்டும் இருக்கக் கூடாது. கொஞ்சம் தண்ணி உள்ள வரும், வந்து அப்படியே நிக்கும். உங்க உடம்புச் சூட்டுல அது வெதுவெதுன்னு ஆயிடும்."

"தண்ணி உள்ள வரும்னு தெரிஞ்சே தைச்சிருக்காங்களா?" மாஸ்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஆமா சார். லூசா இருந்தா அந்தச் சூட்டுத் தண்ணி வெளிய போயிட்டே இருக்கும், குளிர்ந்த தண்ணி உள்ள வந்துட்டே இருக்கும். பத்து நிமிஷத்துல பல்லு தந்தி அடிக்கும். வேணும்னா டேப் வச்சு அளந்து பார்த்துடலாமா?"

"எனக்கே டேப்பா?"

அவள் பெரிய சைஸ் தர மறுத்துவிட்டாள். மாஸ்டரும் அதற்குமேல் வாதாடவில்லை. வீட்டில் தையல் மிஷின் எதற்கு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வாங்கி வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் சூட்டை உள்பக்கம் திருப்பிப் பார்த்தார். பிரித்துவிட நூலளவு இடம்கூட விடாமல் தைத்திருந்தார்கள். "கஞ்சப் பசங்க" என்றார். பெரிய கத்தரியை எடுத்து, அக்குளிலிருந்து இடுப்பு வரை இரண்டு பக்கமும் ஒரே வெட்டு. நடுவில் வைக்கத் தோதான துண்டு தேடினார். வரவேற்பறை மூலையில் சுருட்டி வைத்திருந்த ஊதா நுரைப் பாய் கண்ணில் பட்டது.

ஒரு மணி நேரம் கழித்து மனைவி கேட்டாள்.

"ஏங்க, என் உடற்பயிற்சிப் பாய் எங்க?"

"ஞாயித்துக்கிழமை நீச்சலுக்குப் போகுது."

கறுப்புச் சூட்டின் இரு பக்கமும் ஊதா நிறப் பட்டை. பக்கத்துக்கு ஒரு அங்குலம், ஆக மொத்தம் இரண்டு அங்குலம். மாஸ்டர் திருப்தியாக மூச்சு விட்டார். மூச்சு திரும்பியும் வந்தது.

"தண்ணியில போட்டுப் பார்த்தீங்களா?" என்றாள் மனைவி.

குளியல் தொட்டியில் குளிர்ந்த நீரை நிரப்பி, வீட்டிலிருந்த ஐஸ்கட்டியெல்லாம் கொட்டினார்கள். மாஸ்டர் சூட்டைப் போட்டுக்கொண்டு காலை நீட்டிப் படுத்தார். தையல் ஊசி போன ஓட்டை ஒவ்வொன்றிலிருந்தும் தண்ணீர் பீச்சிக்கொண்டு உள்ளே புகுந்தது. இரண்டு பக்கமும் சேர்த்துச் சுமார் எழுநூறு ஓட்டைகள். அவர் நெருக்கித் தைப்பவர்.

"வெதுவெதுன்னு ஆகுதா?"

"ஆ... ஆ... ஆகும்."

"எப்ப?"

பல் தந்தி அடித்தது. மனைவி அவரைத் தூக்கி உட்கார வைத்தாள்.

மறுநாள் சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப்போடும் பசை இரண்டு டப்பா வாங்கிவந்து, ஓட்டைகளை உள்பக்கமாக அடைத்தார். காய ஒரு முழு நாள் ஆகும் என்று டப்பாவில் எழுதியிருந்தது. சனிக்கிழமை மதியம் ஆகிவிட்டது, இனிப் பொறுக்க நேரமில்லை. இரண்டு மணி நேரம் மின்விசிறிக்கு அடியில் காட்டிவிட்டு, அளவு பார்ப்பதற்காக ஒரு தடவை போட்டார்.

போட்டது சரியாகத்தான் இருந்தது. கழற்றும்போதுதான் விலாவும் கூடவே வந்தது.

"இங்க வாயேன்" என்று மெல்லக் கூப்பிட்டார்.

மனைவி வந்து ஒரு பக்கம் பிடித்து இழுத்தாள். வீடே அதிர மாஸ்டர் கத்தினார். எண்ணெய் ஊற்றிப் பார்த்தாள். பசை அசையவில்லை, மாஸ்டர்தான் தரையில் வழுக்கிக்கொண்டு சமையலறை வரை போனார். கடைசியில் அவருடைய கத்தரியையே எடுத்து வந்தாள்.

"முன்பக்கம் வெட்டட்டுமா?"

"நேரா வெட்டு. கோணலா வெட்டிடாதே."

"இந்த நேரத்துலயும் உங்களுக்கு அது வேணுமா?"

கழுத்திலிருந்து அடிவயிறு வரை ஒரே நேராக வெட்டி அவரை வெளியே எடுத்தாள். நெஞ்சு முடியில் பாதி சூட்டோடு போய்விட்டது. மாஸ்டர் கண்ணில் நீர் தளும்ப வெட்டைத் தடவிப் பார்த்து, "நல்லாத்தான் வெட்டியிருக்கே" என்றார்.

அந்த வெட்டுக்கு என்ன செய்வது? ஜிப் வைக்கலாம், அந்த நீளத்துக்குக் கைவசம் இல்லை. எனவே ஒரு பட்டை வைத்து, கோட்டுக்குப் போடும் பெரிய பட்டன் எட்டு தைத்தார். சும்மா சொல்லக்கூடாது, பட்டன் நுழையும் காஜா எட்டும் அச்சில் வார்த்தது போல இருந்தன.

மனைவி வெகுநேரம் பார்த்தாள். "தண்ணிக்குள்ள ஏதாவது கல்யாணத்துக்குப் போறீங்களா?"

"இப்பப் பாரு, கம்பீரமா இருக்கா இல்லையா?"

"ஏங்க, இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை. போன் பண்ணி, முடியலைன்னு சொல்லிடுங்க."

"முடியாது. எட்டு மாசத்துல அந்தப் பையன் என்னை ஒரு ஆளா நினைச்சுக் கூப்பிட்டது இதான் முதல் தடவை."

அவள் கத்தரியை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை புதுச் சிக்கல். பசை காய்ந்து இறுகியதில் சூட் சுருங்கிப்போயிருந்தது. வயிற்றுக்கு மேலே மூன்று பட்டன்கள் காஜாவை எட்டவே இல்லை. இரண்டு அங்குலமும் போய், கூடவே இன்னும் இரண்டு அங்குலம் போயிருந்தது. வேறு வழியில்லாமல், சாக்குத் தைக்கும் ஊசியால் மனைவி அவரை உள்ளே வைத்தே தைத்து மூடினாள். முடிச்சுப் போட்டுப் பல்லால் நூலைக் கடித்தாள்.

"இனிமே கழட்டணும்னா?"

"அதை அப்புறம் பார்த்துக்கலாம்."

உட்கார முடியவில்லை. காரின் பின்சீட்டில் அவரைக் குறுக்காகப் படுக்கவைத்து, மனைவி வண்டியை ஓட்டினாள். கால்கள் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு வந்தன. சிக்னலில் நின்ற பஸ்ஸிலிருந்து எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

"பயமா இருக்கா?" என்று கண்ணாடி வழியாகக் கேட்டாள்.

"இருக்கு."

"நீச்சல் தெரியும்தானே?"

"தண்ணிக்குப் பயமில்லை. மாப்பிள்ளை முன்னாடி கேலிப்பொருளா ஆயிடுவேனோன்னுதான்." காரின் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எங்க மாமா பரவாயில்லைன்னு அவர் நினைச்சாப் போதும்."

ஏரிக்கரையில் பனி இன்னும் விலகவில்லை. கிளப் கொட்டகைக்கு முன்னால் இருபது பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். ஆணும் பெண்ணுமாக எல்லோரும் நீச்சலுடையில், கையைக் கட்டிக்கொண்டு, குளிரில் ஆடிக்கொண்டு. மனைவி காலைப் பிடித்து இழுத்து மாஸ்டரை வெளியே எடுத்து நிமிர்த்தி வைத்தாள். வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

தன்னை வரவேற்கத்தான் இப்படி வரிசையாக நிற்கிறார்கள் என்று மாஸ்டருக்குத் தோன்றியது. உடம்பு சிலிர்த்துப்போனது. முழங்கால் மடங்காததால் மரக்கால் ஆட்டக்காரன் போல நடந்து போனார். விலாவில் ஊதாப் பட்டை பிதுங்கியது. நான்காவது பட்டன் தெறித்து, வரிசையில் மூன்றாவதாக நின்ற பல் டாக்டரின் நெற்றியில் பட்டது.

மாப்பிள்ளை ஓடி வந்தான். வந்தவன் பாதியில் நின்றுவிட்டான்.

"சாப்டீங்களா மாமா?" என்றான் பழக்கதோஷத்தில். பிறகு கண்ணை மேலும் கீழும் ஓட்டி, "மாமா... இது எங்க வாங்கினீங்க?" என்றான்.

கடையைப் பற்றிச் சொல்ல மாஸ்டர் வாயைத் திறந்தார். அப்புறம் எட்டு மாதமும் நினைவுக்கு வந்தது. இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. நெஞ்சை நிமிர்த்தி, வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

"வாங்கினா இப்படி அமையுமா மாப்பிள்ளை? அளந்தது, வெட்டினது, தைச்சது, காஜா எடுத்தது எல்லாம் நானேதான்."

வரிசையின் கடைசியில் நின்ற இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டு, சத்தம் போடாமல் தங்கள் கார் இருந்த பக்கம் நடந்தார்கள். பல் டாக்டரும் நெற்றியைத் தடவிக்கொண்டே நகர்ந்தார். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் காது இரண்டும் சிவந்துபோயிருந்தன.

"சரி மாப்பிள்ளை, எந்தப் பக்கம் இறங்கணும்?" என்றார் மாஸ்டர்.

கையில் நோட்டும் பேனாவுமாக வரிசையின் முன்னால் நின்ற கிளப் செயலாளர் அம்மா மெல்லத் தொண்டையைச் செருமினார்.

"ஐயா, உங்களைத் தண்ணியில இறங்கச் சொல்லி இங்க யாரும் கூப்பிடலை, அளவு எடுக்கிறதுல எங்க மாமாவை மிஞ்ச ஆளே கிடையாதுன்னு உங்க மாப்பிள்ளை எட்டு மாசமா சொல்லிச் சொல்லி, புது வெட்சூட்டுக்கு உங்ககிட்ட அளவு கொடுக்கத்தான் நாங்க இருபது பேரும் காலைல இருந்து இப்படி நின்னுட்டிருக்கோம்."