மாப்பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி வேலை

மில்பர்க், ஒஹாயோ
1911 நவம்பர், செவ்வாய்

மரியாதைக்குரிய அக்கா ஒட்டிலியாவுக்கு, தம்பி காஸ்பர் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் மகள் ஹெட்விக்கும் சுகம். என் இடது காறை எலும்பு மட்டும் சுகமில்லை. அதை உடைத்தது நீ அவளுக்கு நிச்சயம் செய்த மாப்பிள்ளை.

"பரம சாது, டாக்டருக்குப் படிக்கிற பையன், புத்தகமே கதி" என்று எழுதினாயே, உன் வாய்க்குச் சர்க்கரைதான் போடவேண்டும். அந்தச் சாது ஞாயிறு தவறாமல் "ஆஸ்பத்திரியில வேலை, மாமா" என்று கிளம்பிவிடுவார். நான் ஊர்க் கால்பந்து ஆட்டத்துக்குப் போவேன். கையில் பந்தை அணைத்துக்கொண்டு ஓடுவதற்கு இந்த நாட்டில் கால்பந்து என்று பேர். அங்கே பிரவுன் என்று ஒருவன், தோல் தொப்பியும் மூக்குக் கவசமுமாக முகமே தெரியாது, ஆனால் என்ன ஆட்டம்! மறுநாள் சாப்பாட்டு மேசையில் மாப்பிள்ளை ஏமோஸிடம், "நீங்களும் இருக்கீங்களே தம்பி! அந்த பிரவுன் ஆம்பளை!" என்பேன். "ஆமா மாமா" என்று இன்னொரு சாசேஜை எடுத்துக்கொள்வார். ஹெட்விக்குக்கு அப்போதெல்லாம் இருமல் வரும்.

போன ஞாயிறு பக்கத்து ஊரோடு ஆட்டம். இங்கே வேலியா கீலியா, மைதானத்தின் எல்லைக்கோட்டை ஒட்டியே நிற்போம். பந்து கூட்டத்துக்குள் உருண்டாலும் யார் முதலில் விழுந்து பிடிக்கிறாரோ அவருக்கே சொந்தம். அது என் காலடிக்கு வந்தது. எதிராளிகள் ஆறேழு பேர் பாய்ந்து வந்தார்கள். எனக்கு ஊர்ப்பற்று பொத்துக்கொண்டு வந்து, பந்தின்மேல் உட்கார்ந்துவிட்டேன். என்மேல் பிரவுன் விழுந்தான், அவன்மேல் அத்தனை பேரும். கடக்கென்று ஒரு சத்தம். காதோரம் பணிவான குரல்:

"மாமா, கொஞ்சம் நகருங்க. பந்து உங்களுக்கு அடியில இருக்கு."

"அடப்பாவி, நீயா?"

"கத்தாதீங்க மாமா, காலேஜ்ல தெரிஞ்சா என் பட்டம் போயிடும். மூச்சை நல்லா இழுங்க. எங்க வலிக்குது?"

ஒரு கையில் பந்து, மறு கையில் என் எலும்பு, அக்கா! வெற்றி நமக்கே என்று நடுவர் சொன்ன பிறகுதான் கட்டுப் போட்டார். கூலிக்கு ஆடுகிறாராம், மாணவன் காசு வாங்கி ஆடக்கூடாதென்று கல்லூரியில் துரத்திவிடுவார்களாம், அதனால் பொய்ப்பேராம். ஹெட்விக் உட்பட ஊருக்கே தெரியும், நான் ஒரு மடையன்தான் பாக்கி. உடைக்கவும் கட்டவும் ஒரே ஆள், ரொம்ப வசதி! என் பெண்ணைக் கொடுக்கமாட்டேன். நீ செய்த சம்பந்தத்தை நீயே வந்து முறி.

அத்தானுக்கு என் அன்பு. கர்த்தர் உன்னைச் சளி, காய்ச்சல், மாப்பிள்ளை பார்க்கும் ஆசை எல்லாவற்றிலிருந்தும் காப்பாராக.

இப்படிக்கு,
காஸ்பர்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் கல்லூரியிலிருந்து ஒரு பெரிய மனிதர் என் இறைச்சிக் கடைக்கு வந்து, "யாருங்க அந்த பிரவுன்? உங்க மாப்பிள்ளைன்னு பேசிக்கிறாங்களே?" என்று துருவினார். பையனுடைய இத்தனை வருஷப் படிப்பும் போய்விடுமே! "என் மாப்பிள்ளையா? பரம சாதுங்க, புத்தகமே கதி" என்று நீ எழுதியதையே ஒப்பித்து, ஒரு பவுண்டு சாசேஜும் கட்டிக்கொடுத்து அனுப்பினேன். ஆகவே முறிக்க வராதே, கல்யாணத்தை நடத்திவைக்க வா. சனிக்கிழமையாகப் பார். ஞாயிறு எனக்கும் மாப்பிள்ளைக்கும் ஆஸ்பத்திரியில் வேலை இருக்கிறது.