ஓட்டை மாஸ்டர் அணையைச் செக் செய்தார்

சூரியன் உதித்தால்கூட, "இன்னைக்கு எதுக்கு இத்தன சீக்கிரம்?" என்று கேட்கிறவர் எங்கள் ஓட்டை மாஸ்டர். திருப்பூரில் நான் வேலை செய்யும் பனியன் கம்பெனியில்தான் அவருக்கும் செக்கிங் வேலை. யார் கண்ணுக்கும் தெரியாத ஓட்டை அவருக்குத் தெரியும் என்பதால் அந்தப் பெயர்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் எங்கள் தெருவுக்கு அணைத் தண்ணீர் குழாயில் வந்தது. மாஸ்டர் வீட்டில் மட்டும் குழாய் போடவில்லை. அவர் மனைவி சரசக்கா லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு ஓடிக்கொண்டிருந்தார்.

"பாசனத்துக்கும் அதே தண்ணி, குடிக்கவும் அதே தண்ணி, கரண்டுக்கும் மீனுக்கும் அதே தண்ணிங்கறாங்க. ஒரு மீட்டர் துணியில நாலு பனியன் தெச்சேன்னு சொன்னா நம்புவியா கண்ணு? எங்கியோ ஏமாத்தறாங்க. அது தெரியாம நான் குழாய் போட மாட்டேன்" என்பார் என்னிடம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பெனி வேனில் குடும்பத்தோடு உடுமலைப்பேட்டைப் பக்கம் அந்த அணைக்கே டூர் போனோம். நாங்கள் மீன் வறுவல் கடைக்குப் போக, மாஸ்டர் மதகுக் காவலாளியிடம் போனார்.

"ஏனுங்க, கரண்ட் எடுத்த தண்ணிய என்ன பண்றீங்க?"

"வாய்க்கால்ல காட்டுக்குப் பாசனத்துக்கு உடறோமுங்க."

"போய்ச் சேருதுங்களா?"

"சேருமுங்க."

"சேருமா, சேருதா?"

மாஸ்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாய்க்கால் கரையில் தண்ணீரோடு நடக்கத் தொடங்கினார்.

சாயங்காலம் வேன் கிளம்பும்போது ஆளைக் காணோம். சரசக்கா அழவே தொடங்கிவிட்டார். கரையோரமாகவே வேனை விட்டோம்.

வெகுதூரம் தள்ளி ஒரு கூட்டம். நடுவே, இடுப்பளவு தண்ணீரில், ஒரு ரப்பர் ஓஸ் குழாயைக் கட்டிப்பிடித்தபடி மாஸ்டர்! தோப்புக்காரர் ஒருவர் வாய்க்காலுக்குள் மோட்டார் ஓஸை இறக்கித் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்தார். வாய்க்கால் முடிகிற கடைமடையில் ஓர் அம்மாவின் மக்காச்சோளம் கருகிக்கொண்டிருந்தது.

"நீங்க எந்த ஆபீஸுங்க?" தோப்புக்காரர் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கேட்டார்.

"செக்கிங்" என்றார் மாஸ்டர்.

அதில் ஒரு பொய்யும் இல்லை. ஓஸ் வெளியே வந்தது.

கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேருவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வேன் ஏறினார். சோளக்காட்டு அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். "இந்தம்மா எதுக்கு இப்படிக் கும்படறாங்க?" என்று என் காதில் சந்தேகப்பட்டார் மாஸ்டர்.

"இனியாச்சும் நம்மூட்டுக்குக் குழாய் போட்டரலாங்களா?" என்றார் சரசக்கா.

"அணை சரியாத்தான் இருக்குது புள்ள. போட்டரலாம். ஆனா, குழாயில மாட்டற அந்த மீட்டரு..." என்றவர், பேச்சை முடிக்காமலே என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

அவர் துணியின் ஈரமெல்லாம் என் சட்டையில் ஏறியது. திருப்பூர் வரைக்கும் நான் நகரவேயில்லை.