மண்டைக்குள் சிதறப்போகும் கரித்துண்டுகள்

அன்பும் அதட்டலும் சேர்ந்தே வரும் அக்காவுக்கு, தம்பி வணங்கி எழுதுவது. இங்கே என்னைத் தவிர எல்லோரும் நலம். அங்கே உன் முழங்கால் உட்பட எல்லோரும் நலம்தானே? கேட்க வேண்டிய முறைக்குக் கேட்டாயிற்று. இனி விஷயம். இந்தக் கடிதம் கிடைத்த பிறகு எனக்கு ஃபோன் பண்ணாதே, கடிதம் போடு. கோபப்படாமல் முழுக்கப் படித்தால் ஏன் என்று புரியும்.

என் மண்டைக்கு அடியில், கண் நரம்புக்குப் பக்கத்தில் ஒரு கட்டி குடிவந்திருப்பது உனக்குத் தெரியும். அங்கே கத்தி போக வழியில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அதனால் மாப்பிள்ளை வேலை பார்க்கும் கதிர்வீச்சு ஆஸ்பத்திரிக்கே என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள் என் மகள். அங்கே கார்பன் அணுவின் கருவை, அதுதான் அடுப்புக்கரியில் இருக்கிற அதே கார்பன், ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலாக விரட்டி மண்டைக்குள் அனுப்புகிறார்கள். அது போய் நிற்கிற இடத்தில்தான் பெரிய சேதம் செய்யுமாம், அந்த இடத்தைக் கணக்குப் போட்டுச் சொல்வதுதான் மாப்பிள்ளையின் உத்தியோகம். மாமனாரைக் கரியால் சுட்டுச் சம்பளம் வாங்குகிற மாப்பிள்ளை யாருக்கு வாய்ப்பான், சொல்லு!

தலை அசையக் கூடாது என்று வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் அழுத்தி ஒரு முகமூடி செய்தார்கள். அன்றைக்கு என் வாயில் பல்செட் இருந்தது. ஒத்திகைக்குப் போன நாளில், உலோகம் கூடாது என்று சுவரில் எழுதியிருந்ததைப் பார்த்து, பல்செட்டில் கம்பி இருக்கிறதே என்று நானே சமர்த்தாகக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கன்னம் இரண்டும் ஒட்டிப்போய், முகமூடிக்குள் என் தலை டப்பாவில் போட்ட எலுமிச்சம்பழம் மாதிரி உருண்டது. அங்கிருந்த பெண், "சார், இது உங்க முகம்தானா, வேற யாரோடதாவது மாறிப்போச்சா?" என்றாள். நான் விளக்கினேன், பல் இல்லாததால் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. புது முகமூடி, புது ஸ்கேன் படம், புதுக் கணக்கு என்று எல்லாம் முதலிலிருந்து. அந்தப் புதுப் படத்தில்தான் கட்டி வளர்ந்திருப்பது தெரிந்தது.

அன்று சாப்பாட்டு மேஜையில் மாப்பிள்ளை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "மாமா, கார்பன் கரு முழுசா போனா சொன்ன இடத்துல நின்னுடும். போற வழியில உங்க உடம்புல இருக்கிற அணு எதோடயாவது இடிச்சா, உடைஞ்சிடும்."

"உடைஞ்சா ஒழியுது, விடுங்க."

"ஒழியாதே மாமா! லாரி நின்னாலும் கழண்ட சக்கரம் நிக்காம ஓடுமில்ல, அந்த மாதிரி. உடைஞ்ச துண்டு அதே வேகத்துல போகும். சின்னது, சீக்கிரம் நிக்காது. கட்டியத் தாண்டிப் போயிடும்."

"தாண்டி யார் வீட்டுல போய் விழும்?"

"வலது பக்கமிருந்து விட்டா இடது காதுல. இடது பக்கமிருந்து விட்டாலும் முழுக் கருவும் அதே காது வழியாத்தான் போகணும். பின்னாலிருந்து விட்டா கண் நரம்புல. கட்டி சின்னதா இருந்தப்போ தப்பிக்க இடம் இருந்துச்சு. இப்ப இல்ல. கண்டிப்பா போயிடும்னு சொல்லல மாமா, போகலாம். எந்தப் பக்கம்னு உங்களையே கேக்கச் சொன்னார் டாக்டர்." சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

வலது காதை நான் வேலை பார்த்த ஆலையின் இரைச்சலுக்கு எப்போதோ தாரைவார்த்தாயிற்று, மிச்சம் இடதுதான். அக்கா, பயமா இருக்கு. இவங்ககிட்ட சொல்லல, உன்கிட்டதான் சொல்றேன். ஆனாலும் யோசித்துப் பார்த்தேன். கண் போனால் கழிப்பறைக்குக்கூட யார் கையையாவது பிடிக்க வேண்டும், பேப்பர் கிடையாது, மகள் முகம் கிடையாது. காது போனால் என்ன நஷ்டம்? மாடி வீட்டுக்காரன் சுவரில் ஓட்டை போடுகிற சத்தமும் உன் புத்திமதியும்தானே! உன் புத்திமதி எனக்கு மனப்பாடம். காதையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஆகவே, கடிதம் போடு, எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடு.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். மூத்தவள் நீ என்பதால் எனக்கான ஆசி அங்கிருந்துதான் வர வேண்டும், இந்த முறை கஞ்சத்தனம் பார்க்காதே.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் நீயே ஃபோன் பண்ணிவிட்டாய். "டேய், சாப்பிட்டியாடா? என்னடா குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்றாய். ஜலதோஷம் என்று புளுகினேன். நீ குழாய் ரிப்பேர்காரனைத் திட்ட ஆரம்பித்தாய், நிறுத்தவே இல்லை. நீ வைத்த பிறகும் ஃபோனைக் காதோடு வைத்துக்கொண்டே நின்றேன். அப்பா அம்மா போன பிறகு என்னை 'டேய்' என்று கூப்பிட நீ ஒருத்திதான் இருக்கிறாய், அக்கா. அதை நீ எவ்வளவு பெரிதாக எழுதினாலும் எனக்குக் கேட்காது. மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, பின்னாலிருந்தே விடச் சொல்லிவிட்டேன். "மாமா, கண்ணு போயிடலாம் மாமா... நல்லா யோசிச்சீங்களா?" என்றார். "யோசிச்சா மறுபடி மாத்திடுவேன், சீக்கிரம் கணக்கப் போடுங்க" என்றேன். இதற்குப் பதில் எழுதாதே. ஃபோன் பண்ணித் திட்டு.