ஓட்டைக் கல்

பந்தியில் வாழைத்தண்டுப் பொரியலைப் பார்த்ததும் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுகிற ஆள் நான். கேட்பவர்களிடம் 'அலர்ஜி' என்று புளுகிவருகிறேன். இன்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. பெண், திண்டிவனம் பக்கம் பெருமுக்கல். எனக்கோ சின்ன வயதிலிருந்தே முன்தோல் இறுக்கம். (இதைப் போய் யாரிடம் சொல்வது?) விழுப்புரத்தில் ஒரு டாக்டரிடம் கூனிக் குறுகிக் காட்டினேன். தோலை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றார். வயது வந்த ஆண்களுக்கென்று வந்திருக்கும் ஒரு புதுக் கருவியைச் சோதித்துக்கொண்டிருப்பதாகவும், விருப்பமிருந்தால் நானும் சேரலாம் என்றும் சொன்னார். மோதிரம் போல ஒரு பிளாஸ்டிக் வளையம். தையலே கிடையாது. பத்து நாளுக்குள் தானாகக் கழன்று விழும். அதை ஒரு டப்பியில் போட்டுத் திருப்பித் தர வேண்டும். தையல் இல்லை என்றதுமே கையெழுத்துப் போட்டுவிட்டேன், அப்பேர்ப்பட்ட வீரன்.

மாட்டுவது கால் மணி நேர வேலைதான். கண்டமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, காலை அகட்டி அகட்டி வீட்டுக்குள் நுழைந்தேன்.

"இன்னாடா, இப்டி நடந்துக்கினு வர்ற?" என்றாள் அம்மா.

"கிட்னில கல்லும்மா."

அங்கேதான் என் புத்தி புல் மேயப் போனது. எங்கள் ஊரில் கிட்னிக் கல் என்றால் வாழைத்தண்டுச் சாறு. காலையில் அம்மா ஒரு சொம்பு. மத்தியானம் எதிர்வீட்டு அண்ணி ஒரு சொம்பு. குடித்தால் அரைமணிக்கு ஒருமுறை ஒன்றுக்குப் போக வேண்டும். அந்தப் புண்ணோடு, அரைமணிக்கு ஒருமுறை! துண்டைக் கடித்துக்கொண்டு உள்ளே நான் துடிக்க, "கல்லு கரையுதுடா, பொறுத்துக்கோ!" என்று வெளியே அம்மா தைரியம் சொன்னாள்.

விஷயம் பெருமுக்கல் போய்விட்டது. மாமனாராக வரவேண்டியவர் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற விவசாயி, பேச்சில் கறார். "கிட்னி கெட்டவனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன், நேர்ல பாத்துட்டுத்தான் மத்தது" என்று தரகரிடம் சொல்லிவிட்டாராம். அதற்குள் கல்யாணப் பெண் தமிழரசியோடு தினமும் போனில் பேசிப் பேசி, அவள் இல்லாமல் முடியாது என்கிற நிலைக்கு வந்திருந்தேன்.

ஒன்பதாம் நாள் வந்தே விட்டார், தோளில் ஒரு முழு வாழைத்தண்டோடு. அம்மா அரைத்துக் கொடுக்க, எதிரே உட்கார்ந்து இரண்டு சொம்பு குடிக்க வைத்தார். பாத்ரூமுக்கு ஓடினேன். டொக்கென்று தரையில் விழுந்தது வளையம்.

"அப்பாடா, விழுந்துடுச்சி!" சந்தோஷத்தில் கத்திவிட்டேன். (எனக்கு எப்போதும் வாய்தான் எமன்.)

தயாராய் வைத்திருந்த டப்பியில் அதை எடுத்துப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தால் வாசலிலேயே நிற்கிறார். "கல்லா? குடுங்க பாப்போம்" என்று டப்பியை வாங்கிக்கொண்டார். கண்ணாடியை ஊரிலேயே மறந்துவிட்டு வந்தவர். உள்ளே காய்ந்த ரத்தம் அப்பிய கரும்பழுப்பு வளையம். கண்ணருகே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சம்மந்தியம்மா, இங்க வாங்க! வாழத்தண்டு கல்லுல ஓட்டையே போட்டுக்கீதே!"

அப்புறம் டப்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கல்லின் அளவையும் அது வந்த வழியையும் யோசித்திருக்க வேண்டும், கண் கலங்கிவிட்டது.

"இம்மாம் பெரிய கல்ல வலின்னு கத்தாம வெளிய உட்டிருக்காரு. இந்தப் பொறுமை போதும். என் பொண்ண நல்லா வெச்சிப்பாரு."

சாயங்காலமே தமிழரசிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "எங்கப்பா கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, பாவம்" என்றாள். மறுநாள் வளையத்தை விழுப்புரத்தில் ஒப்படைத்தேன்.

சொந்தத்தில் யாருக்குக் கல் வந்தாலும் சாட்சி இன்றுவரை நான்தான். போன மாதம் மாமனாரின் தம்பிக்கு வந்தது. "மாப்ள, அந்த ஓட்டைக் கல்ல எடுத்துக்கினு ஜல்தியா வாங்க, இவன் நம்ப மாட்டேங்கிறான்" என்று போன். நான் முழிக்க, தமிழரசி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அது ஆஸ்பத்திரில இருக்குதுப்பா. இன்னொண்ணு கேக்காதீங்க, இவர்கிட்ட அவ்ளோதான் இருந்துது."