செம்பு அண்டாவில் இருபது காலன்

1943-ஆம் வருஷம் வைகாசி மாதம் நான் ஒரு சபதம் எடுத்தேன். என் வீட்டு டீசலில் ஒரு சொட்டுக்கூட என் உத்தரவில்லாமல் வெளியே போகக் கூடாது. எனக்கு அப்போது வயது நாற்பத்திரண்டு. சபதம் எடுக்கிற வயதா அது?

யுத்த காலம். மேலகரத்தில் ஆயில் என்ஜின் வைத்துக் கிணற்றுத் தண்ணீர் இறைத்தவர்கள் மூன்றே பேர். அதில் நான் ஒருவன். குரூடாயில் என்று நாங்கள் சொன்ன அந்த எண்ணெய்க்குத் தென்காசித் தாலுகா ஆபீஸில் பர்மிட் வாங்க வேண்டும். பதினோரு நடை நடந்து இருபது காலன் வாங்கினேன். ஐந்து டின். கார் நெல் கதிர் விடும்போது வாய்க்கால் வற்றினால் இந்த ஐந்து டின்தான் கதி. இரண்டு கோட்டை விதைப்பாடு நிலம். வீட்டில் வருஷம் முழுக்கச் சோறு அதில்தான்.

டின்னைப் பார்த்தேன். துரு. இரும்பென்றாலே துருதான். துருப்பிடிக்காதது செம்பு. வீட்டில் இருந்த ஒரே பெரிய செம்புச் சாமான், என் மனைவி முப்பிடாதியம்மாள் சீதனமாகக் கொண்டுவந்த அண்டா. என் மூளை வேலை செய்தது. அதுதான் ஆபத்து.

"செம்புல ஊத்தாதீய" என்றாள் முப்பிடாதி. "செம்பு பட்டா எண்ணெ பிசினாயிரும்னு ஒலி முகம்மது அண்ணாச்சி சொல்லுதாவ. வாய் மூடுன இரும்பு பீப்பாயில கழுத்து வரைக்கும் ஊத்தி நிழல்ல வைக்கணுமாம். திறந்து வச்சா சாரல் ஈரம் இறங்கிருமாம்."

ஒலி முகம்மது அடுத்த வீட்டுக்காரர். பஸ் கம்பெனியில் பிட்டர். இருபது வருஷமாக என்ஜினைப் பிரித்துப் பூட்டுகிறவர். அவருக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். இதை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகிறது.

"அண்டா என்னதுல்லா" என்றாள்.

"அண்டா உன்னது. எண்ணெ என்னது" என்றேன். அதற்குமேல் அவள் பேசவில்லை. பெண்டாட்டி பேசாமல் போனால் நாம் ஜெயித்துவிட்டோம் என்று நினைக்கிறவன் நான். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் ஆகியும் அப்படித்தான் நினைத்தேன்.

ஐந்து டின்னையும் அண்டாவில் ஊற்றிப் பலகையால் மூடி, உள்ளறையைப் பூட்டி, சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டேன். தினமும் காலையில் மூங்கில் குச்சியை விட்டு அளப்பேன். ஒரு முழம் நாலு விரல். மறுநாளும் ஒரு முழம் நாலு விரல். குச்சியை முகர்ந்து பார்ப்பேன். நல்ல வாடை. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது மட்டும் சாவியைக் கழற்றி ஆணியில் மாட்டுவேன். குளித்துவிட்டு வந்ததும் மறுபடி ஒரு தரம் அளப்பேன். அவ்வளவு ஜாக்கிரதை!

ஆடியில் சாரல் கொட்டியது. குற்றாலம் கூப்பிடு தூரம். ஒரு நாள் அருவிக்குப் போய்வரலாம் என்று முப்பிடாதி கேட்டாள். அவள் எதையும் கேட்கிறவள் இல்லை. எண்ணெய்க்குக் காவல் யார் என்று நான் திருப்பிக் கேட்டேன். அவள் நூருன்னிசாவோடு போனாள். ஒலி முகம்மதுவின் சம்சாரம்தான் நூருன்னிசா. ஈரத் தலையோடு இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள். நான் உள்ளறை வாசலில் குச்சியோடு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு நானும் போயிருக்கலாம். அந்தச் சாரல் போனது போனதுதான்.

ஆவணி பிறந்தது. சாரல் நின்றது, வாய்க்காலும் நின்றது. கதிர் பால்பிடிக்கிற நேரம். வயல் வெடிப்பு விட்டது. இரண்டு தண்ணீர் பாய்ந்தால் நெல். இல்லாவிட்டால் வைக்கோல். என் நாள் வந்துவிட்டது என்று வண்டி கட்டி, அண்டாவோடு கிணற்றுக்குப் போனேன். பக்கத்து வயல்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். டின்னை ஆழமாக முக்கி எடுத்து என்ஜினில் ஊற்றி, சக்கரத்தைச் சுற்றினேன்.

என்ஜின் இரண்டு தரம் இருமியது. பிறகு இருமக்கூட இல்லை. அடிக் குழாயைத் திறந்து பார்த்தேன். தண்ணீர். அண்டாவுக்குள் கையை விட்டேன். மேலே இரண்டு விரல் எண்ணெய். அதற்குக் கீழே அடிவரைக்கும் நல்ல கிணற்றுத் தண்ணீர்.

வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகளுக்கு மார்கழியில் என்ன போடுவேன் என்று நினைத்தபோது கண் கலங்கியது. இது விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அழுதேன்.

அப்போது இன்னொரு வண்டி வந்தது. முன்னால் ஒலி முகம்மது, பின்னால் முப்பிடாதி, நடுவே வாய் இறுக மூடிய ஓர் இரும்புப் பீப்பாய். அவர் என்ஜினைப் பிரித்துத் துடைத்து, பீப்பாய் எண்ணெயைத் துணியில் வடிகட்டி ஊற்றினார். சக்கரத்தை ஒரு சுற்றுதான் சுற்றினார். டக்டக்கென்று பிடித்துக்கொண்டது. வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. நான் முகத்தைக் கழுவுகிறமாதிரி அதிலே முகத்தை வைத்துக்கொண்டேன்.

"யாரு எண்ணெ இது?" என்று முப்பிடாதியிடம் கேட்டேன்.

"உங்க எண்ணெதான். ஊத்துன அந்த வாரமே ஆரம்பிச்சேன். சனிக்கிழமைக்கு ஒரு டின்னு. நீங்க குளிக்கப் போனதும் மேல இருந்து கோரி எடுத்து அண்ணாச்சி வீட்டுப் பீப்பாயில ஊத்திருவேன்."

"அப்ப அந்தத் தண்ணி?"

"அண்டா குறைஞ்சா நீங்க துடிச்சுப் போவீயல்லா. அதான் எடுத்த அளவுக்கு ஊத்தி வச்சேன். தண்ணி அடியில போயிரும், எண்ணெ மேல நிக்கும். உங்க குச்சி நனைஞ்சுதா இல்லியா?"

நனைந்தது. மூன்று மாதம் நனைந்தது. கிணற்றுத் தண்ணீருக்குப் பூட்டுப் போட்டுக் காவல் இருந்தேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா என்று கேட்டேன்.

"முதல்லயே சொன்னேன்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் சொன்னாள்.

நெல் வந்தது, சோறும் வந்தது. ஐப்பசியில் அடுத்த பர்மிட் வந்தது. என் பெயரில்தான் வந்தது, கையெழுத்தும் நான்தான் போட்டேன். எண்ணெய் எங்கே இருக்கிறது என்று மட்டும் எனக்கு இன்றுவரை தெரியாது.