ப்ராசஸரை மாற்றி விரல்களைக் கழுவ வைத்த கதை

கம்ப்யூட்டர் வாங்குவதற்குக் கம்ப்யூட்டர் படித்தவனிடம் மட்டும் யோசனை கேட்காதீர்கள். படித்தவன் நான், சொல்கிறேன்.

கோட்டைக்குப்பத்தில் என் அக்கா ஒரு கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறாள். ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், கைரேகைப் பதிவு. அவளுடைய கம்ப்யூட்டர் இன்ஜின் படகு மாதிரி உறுமும். சென்னையில் வேலைக்குச் சேர்ந்து நாலே மாதம் ஆன நான் (அதாவது, எல்லாம் தெரிந்த பருவம்) அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன்.

"இதோட ப்ராசஸர் வகையே பழசுக்கா. செல்போன்ல இருக்குதே, அந்த வகைக்கு உலகமே மாறிக்கினு இருக்குது. சூடாவாது, கரண்டு போனாலும் நாள் பூரா ஓடும்."

"கைரேகை மெஷினு அதுல வேலை செய்யுமாடா?"

"எல்லாம் செய்யும்." (விசாரிக்கவில்லை. விசாரிப்பது கௌரவக் குறைச்சல்.)

புது லேப்டாப் வந்தது. மீனவர் அட்டைக்குக் கைரேகை பதியக் கடைசி நாளும் வந்தது. பல்லில் கூடையைக் கவ்விக்கொண்டு ஏரிக்குள் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்கள் இருபது பேர், அன்றைய வேலையை விட்டுவிட்டு வரிசையில் நின்றார்கள். பதியாவிட்டால் அட்டை கிடையாது.

முதலில் ரவணம்மா விரல் வைத்தார். 'கைரேகை கிடைக்கவில்லை' என்றது திரை. எனக்குக் காரணம் உடனே புரிந்துவிட்டது.

"சேத்துல தடவித் தடவி ரேகை தேஞ்சிபோச்சுக்கா. சோப்பு போட்டுக் கழுவிக்கினு வாங்க."

கழுவினார். கிடைக்கவில்லை. எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொன்னேன். கிடைக்கவில்லை. தேங்காய் எண்ணெய்! ம்ஹூம். பிடிவாதமாக இருபது பேரையும் கழுவ வைத்தேன். அக்கா வீட்டுக் குடத்துத் தண்ணீரெல்லாம் தீர்ந்தது.

"இதே விரலை ரேஷன் கடையில எடுத்துச்சேபா?" என்றார் ரவணம்மா.

"அது வேற மெஷினு" என்று எரிந்து விழுந்தேன்.

அவர் என் கையைப் பிடித்து மெஷின்மேல் வைத்தார். கிடைக்கவில்லை. கீபோர்டைத் தவிர எதையும் தொட்டறியாத விரல்!

"இன்னாபா, நீ எத்தினி இறா புடிச்ச?"

வரிசை மொத்தமும் சிரித்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மெஷினின் சாஃப்ட்வேர் பழைய வகை ப்ராசஸருக்காக எழுதியது. புது வகையில் தலைகீழாக நின்றாலும் ஓடாது. இதை விளக்க வாயைத் திறந்தேன். கேட்க அக்கா அங்கே இல்லை. காயலான் கடைக்குப் போடு என்று நான் சொல்லியிருந்த பழசை, கருவாட்டு மூட்டைக்குப் பின்னாலிருந்து தூக்கி வந்தாள். அது உறுமிக்கொண்டே ரவணம்மாவின் விரலை முதல் தடவையிலேயே எடுத்துக்கொண்டது. இருபது பேருக்கும் பதிந்து முடியும்வரை நான் தலை நிமிரவில்லை.

கம்ப்யூட்டர்கள் புது வகைக்கு மாற வேண்டுமா? தாராளமாக மாறட்டும். என்னைக் கேட்டு மாற வேண்டாம்.

இரண்டு வருடம் கழித்து எனக்குக் கல்யாணம். முதல் முடிச்சுப் போடும்போது பதற்றத்தில் தாலிக் கயிறு வழுக்கியது. மற்ற இரண்டு முடிச்சுகளைப் போடப் பின்னால் நின்ற அக்கா சொன்னது, மைக்கில் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"யாராச்சும் ஒரு எலுமிச்சம்பழம் கொண்டாங்க. மாப்ள விரலு தேஞ்சிபோச்சு!"