மீட்டருக்குத் தெரியுமே!

பெண்டாட்டி துரத்திவிட்டாளாம்! யார் சொன்னது? படிக்கட்டில் கூடி நின்று பேசுகிறவர்களுக்கு வாய் சும்மா இருக்காது. அவராகத்தான் வாசலைத் தாண்டினார், கையில் ஸ்பானரோடு.

மீட்டர்காரர் என்றோர் இனம் உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொடமாட்டார், தெர்மாமீட்டரைத் தேடுவார். மழையில் நனைந்துகொண்டே மழை வருமா என்று போனைப் பார்ப்பார். நம்மவருக்கு உத்தியோகமே அதுதான். வீட்டுக்கு வீடு ஏசி வைக்காமல், ஒரே ஆலையில் தண்ணீரைக் குளிரவைத்துக் குடியிருப்பு முழுவதற்கும் குழாயில் அனுப்புகிறார்களே, அங்கே மேற்பார்வை. போன தண்ணீர் வீடுகளின் சூட்டை வாங்கிக்கொண்டு வெதுவெதுப்பாகத் திரும்ப வேண்டும். எங்கள் கட்டடத்திலிருந்து மட்டும், சாயங்காலமானால், போன ஜில்லிலேயே திரும்பி வந்தது. யாரோ தேவைக்கு மேல் தண்ணீரை இழுத்து, சூடேறுமுன்பே திருப்பிவிடுகிறார்கள்! பம்புகள் வெட்டியாக ஓடின.

குடியிருப்புக் கூட்டத்தில் எழுந்தார். "எந்த வீடுன்னு கண்டுபிடிச்சு, கோடை முடியுறவரைக்கும் அந்த வீட்டு வால்வை என் கையாலயே மூடுவேன்!"

கைதட்டல் வேறு.

வீடு வீடாக ஏறி அளந்தார். தன் வீட்டை விட்டுவிட்டார். அளக்கிறவர் வீட்டை அளப்பானேன்? சாயங்காலம் வந்ததும் ஆவி பறக்கும் டீயை, அறைச் சூட்டைப் பார்த்துக் குளிர்நீரைத் தானே திறந்துவிடும் சுவர் மீட்டருக்கு நேர்கீழே பலகையில் வைத்துவிட்டு, எண்ணையே முறைப்பார். ஆறினால் அடுத்த டீ.

"முப்பது! என்ன புழுக்கம்!"

ஸ்வெட்டருக்குள் மனைவி. போர்வைக்குள் மாமியார். "பல்லு தந்தியடிக்குது மாப்பிள்ளை."

"உங்க பல்லை நம்புறதா அத்தை, மீட்டரை நம்புறதா?"

"கட்டுன பல்லு மாப்பிள்ளை. அதுவே நடுங்குது!"

பொறுக்க முடியாமல் ஒருநாள் மனைவி டீயைத் தூக்கினாள். எண் மளமளவென்று இறங்கியது.

"மீட்டருக்குப் புழுங்கலைங்க. நீங்கதான் அதுக்கு ஆவி பிடிச்சுவிட்டிருக்கீங்க."

அவர் முகம் டீயைவிட வேகமாக ஆறிப்போனது. "சபையில சொல்லிட்டேனே!"

"யாருக்குத் தெரியப்போகுது? டம்ளரைத் தள்ளி வைங்க, முடிஞ்சது. வால்வை மூடினா கோடை பூரா நாமதான் வேகணும்."

"மீட்டருக்குத் தெரியுமேடி!"

ஸ்பானரை எடுத்தார், செருப்பை மாட்டினார். போர்வைக்குள்ளிருந்து மாமியார், "போங்க மாப்பிள்ளை, சீக்கிரம் போங்க! உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!" என்று கத்தியதுதான் படிக்கட்டுவரை கேட்டது. அதை வைத்துத்தான் இத்தனை கதை! சொன்ன சொல்லுக்குத் தன் வீட்டு வால்வையே மூடப் போனவரைப் பற்றிப் பேசுகிற பேச்சா இது?

சிரிக்கிறீர்கள். சரி, உங்களுக்கு இப்போது குளிருகிறதா, புழுங்குகிறதா?

பார்த்தீர்களா, கை போனுக்குப் போகிறது.